கிளட்ச் போக மீதி நாவல்

மாஸ்டர் நாவல் எழுதப் போகிறார் என்ற செய்தி அந்த வீட்டில் இருபது வருடமாகப் பழசாகிக்கொண்டிருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஓட்டுநர் பள்ளியில் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட, வெளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பல் வலித்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் புது சோபா வாங்கினாலும் சரி, "இதெல்லாம் என் நாவல்ல வரும்" என்பார். வந்தால்தானே!

கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துவிட்டது. அவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஒரு பட்டன் லேசாக ஆடினால் போதும், சட்டையைத் தூக்கிக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். முதலாளி வந்து கெஞ்சினாலும் கூடையில் போனது போனதுதான்.

நூலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள்தான் போட்டோ எடுத்து வந்து காட்டினாள். முப்பது நாளில் குறைந்தது முப்பதாயிரம் சொல்லில் ஒரு நாவல். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், வாயால் சொல்லியும் ஏற்றலாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் நூலகத்தின் இணையதளத்தில் சேர்த்துவிட வேண்டும்.

"இதை முடிச்சிட்டீங்கன்னா சாகிற வரைக்கும் எழுதுங்க, நான் வாயே திறக்க மாட்டேன். முடிக்கலன்னா, இனிமே இந்த வீட்ல நாவல்ங்கிற பேச்சே வரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாஸ்டர், ரோஷத்தில். சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. எழுதாத நாவலாக இருந்தால் என்ன, அது அவருடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரோ ஒருவருடைய கிளட்ச்சைக் கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு, மனசுக்குள் ஒதுங்க அது ஒன்றுதான் இடம். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எங்கே போவார்?

முதல் மூன்று நாள் மேஜை முன்னால் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் எழுதினார். இரண்டாவதை அடித்துவிட்டார். நான்காம் நாள் காலை, மருந்துக்கடைக்கார அம்மாவுக்கு வகுப்பு. அந்த அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கண்ணை மூடிக்கொள்வார். "பயப்படாதீங்கம்மா, ஒரு கதை சொல்றேன், கேட்டுக்கிட்டே ஓட்டுங்க" என்று ஆரம்பித்தார். ஒரு பெண், கணவனோடு சண்டை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டாள். அட, மடை திறந்தது போலக் கொட்டுகிறதே! இத்தனை வருடம் பேசிப் பழகிய இருக்கை அது. அங்கே உட்கார்ந்தால்தான் அவருக்கு நாக்கு புரளும் போலிருக்கிறது. சட்டென்று போனை எடுத்து, பேசினால் எழுத்தாகிற வசதியைத் தட்டிவிட்டு முன்னால் வைத்தார்.

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. யார் ஓட்டினாலும் கதைதான். மருந்துக்கடை அம்மா பச்சை விளக்கு விழுந்த பிறகும் நகராமல், "அப்புறம் என்னாச்சு மாஸ்டர்?" என்று கேட்க, பின்னால் நின்ற லாரிக்காரன் அவர்கள் வம்சத்தையே விசாரித்தான். இருபத்தொன்பதாம் நாள் கணக்கு முப்பதாயிரத்து இருநூறு. எழுதியதை அவர் ஒரு தடவைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் குறையும் என்று ரொம்பவும் சாமர்த்தியமாக இருந்தார்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவியதும் மனைவி, "ஏத்துறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள். மாஸ்டர் காலை ஆட்டிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார்.

அவள் உரக்கப் படித்தாள். "'உன்னை என்னால் மறக்கவே முடியாது' என்று அவன் அவள் கையைப் பிடித்து இடது பக்கம் இண்டிகேட்டர் போடுங்க என்றான்."

மாஸ்டரின் கால் ஆடுவது நின்றது.

"அவள் கண்ணீரோடு திரும்பினாள் கண்ணாடியப் பாருங்கம்மா பின்னாடி பஸ் வருது" என்று அடுத்த வரியையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, என்னது இது?"

"நவீன இலக்கியத்துல இப்படியெல்லாம்..."

"கிளட்ச்ங்கிற வார்த்தை எழுநூத்திப் பதினோரு தடவை வருது. இதுவா இலக்கியம்?"

ஆடுகிற பட்டனையே விடாதவள் இதையா விடுவாள்? உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். மூன்றரை மணிக்குத் தலை நிமிர்ந்தபோது இருபத்தேழாயிரத்து நானூறுதான் மிச்சம். இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு வேண்டும், ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

மாஸ்டர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார், சோபாவில் சாய்ந்தார், கண்ணை மூடினார். ஒரு வார்த்தை? ம்ஹூம். "அவ்வளவுதான், என் கதை முடிஞ்சுது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. மனைவிக்கே தாங்கவில்லை.

"கார் சாவியை எடுங்க" என்றாள். "நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சி மைதானத்தில், ஆறு பேர் பார்க்க, "உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினார். அவள் நடுவழியில் காரை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் ஈ காக்கை இல்லை. சுற்றிலும் சிவப்புக் கூம்புகள் மட்டும் நின்றன. பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மனைவி அதைக் குனிந்து பார்த்தாள்.

"அதுலேருந்து காலை எடுங்க. கதையைத் தவிர ஒரு பேச்சும் கூடாது. பேசினா அதையும் வெட்டுவேன்."

முதல் கியரிலேயே கார் தவளை மாதிரி குதித்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது" என்றார். ஒரு கூம்பு சக்கரத்துக்கடியில் நசுங்கியது. "ஏதோ நசுங்கும் சத்தம் கேட்டு அவள் பதறிப்போனாள்." எதிரே சுவர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவருக்கு உள்நாக்கு வரை பிரேக், பிரேக் என்று வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "கடவுளே, என்னை ஏன் இப்படிச் சோதிக்கிறாய் என்று அவள் வாய்விட்டு அழுதாள்" என்றார். நல்ல உருக்கமான இடம் அது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் மனைவி தானாகவே திருப்பினாள். நாலாவது சுற்றில் குதிப்பு நின்றது, பத்தாவது சுற்றில் இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவர் கதையைக்கூட மறந்து ஒரு நொடி அவளைப் பார்த்தார்.

நாலே முக்காலுக்குக் கதை முடிந்தது. கதாநாயகி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள், கணவன் வெறும் வீட்டின் கதவைச் சாத்தினான். மாஸ்டர் போனை நிறுத்திவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"இன்னும் முப்பத்திரண்டு வார்த்தை குறையுது."

"வேற ஏதாவது சேருங்க."

"கதவைச் சாத்தியாச்சே. இதுக்கு மேல என்ன சொன்னாலும் சப்புன்னு இருக்கும்."

அவள் காரை ஓட்டிக்கொண்டே யோசித்தாள். "புத்தகத்துல முதல் பக்கத்துல, இவங்களுக்குச் சமர்ப்பணம்னு போடுவாங்கல்ல? அதைச் சொல்லுங்க, சீக்கிரம்."

மாஸ்டர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மைதானத்தைப் பார்த்தார். 

"இந்த நாவல் என் மனைவிக்கு. கல்யாணமான புதுசுல, ஆறு பேர் பார்க்க, இந்த மைதானத்துல நான் அவளைத் திட்டினேன். கியர் மாத்தத் தெரியாதது தப்பில்ல. கத்துக்கொடுக்கத் தெரியாதவன் மேலதான் தப்பு. இவ்வளவு வருஷமா அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. இப்போ சொல்றேன். என்னை மன்னிச்சிடு."

கார் மெதுவாகி, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. மணி நாலு ஐம்பத்தாறு. அவள் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"முப்பதாயிரத்து ஒண்ணு" என்றார் மாஸ்டர், போனைப் பார்த்து. "கொஞ்சம் பேச்சு நடையா இருக்கு. இதையும் வெட்டணுமா?"

"அதுல ஒரு எழுத்துல கை வெச்சீங்கன்னா பாருங்க" என்றாள் அவள். "ஏத்துங்க முதல்ல."