அடங்காத பீப் சத்தம்

ஹரிகிருஷ்ணன் வைத்திக்குப்பம் கடற்கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். சரிதா அதற்காகத்தான் காத்திருந்தாள். சோப்பு டப்பா அளவு டிரான்ஸ்மிட்டரை அவனுடைய ஸ்டெப்னி கவருக்குள் செருகி, ஏரியல் ஒயரையும் உள்ளே சுற்றிவிட்டு, படகு மறைவில் நழுவி வந்தாள். ஒரு வருஷமாக மனதுக்குள் செய்து பழகிய வேலை.

ஹாம் ரேடியோ கிளப்பில் வருஷா வருஷம் நரி வேட்டை. ஒருவர் டிரான்ஸ்மிட்டரை ஊருக்குள் ஒளிப்பார்; அதுதான் நரி. அது விடாமல் பீப் அடிக்கும். மற்றவர்கள் ரிசீவரைத் திருப்பித் திருப்பி, சத்தம் ஏறும் திசையைப் பிடித்துப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வருஷம் ஒளிப்பவள் சரிதா.

போன வருஷம் அவள் தேடினாள். ரிசீவர் கொடுத்தவன் ஹரிகிருஷ்ணன். ரிசீவரில் ஏஜிசி என்று ஒன்று உண்டு. சத்தம் பலமானால் தானே அமுக்கும், மெலிந்தால் தானே தூக்கிவிடும். பேச்சு கேட்கச் சுகம். நரி தேடுகிறவர்களுக்கு எமன். கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் ஒரே சத்தம். அதனால் முதலில் அதை அணைத்துவிட்டு, கையால் கூட்டிக் குறைப்பார்கள். சரிதாவும் அணைத்தாள். முத்தியால்பேட்டைச் சந்து பொந்தெல்லாம் அலைந்தாள். சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

வீட்டில் ரிசீவரைக் கழற்றிப் பார்த்தாள். ஏஜிசி சுவிட்சின் இரண்டு காலையும் சேர்த்து ஒரு சொட்டு ஈயம் பற்றவைத்திருந்தது. அணைத்தாலும் அணையாது. அன்று மாலையே ஹரிகிருஷ்ணன் வந்து செட்டைத் திருப்பி வாங்கிப் போனான். அவள் கிளப்பில் புகார் சொன்னதும் திறந்து காட்டினான். ஈயம் இல்லை; அதற்குள் சுரண்டி எடுத்திருந்தான்.

"சுவிட்சு போடத் தெரியாதவங்க நரி புடிக்க வந்தா இப்படித்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் கண்ணையனும் சிரித்தார். அதுதான் ஆறவில்லை. அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்க வேண்டும்.

வேட்டை தொடங்கியது. ஒளித்தவரும் செயலாளரும் பின்னாலேயே சுற்றி வருவது வழக்கம். கண்ணையன் பைக்கில் சரிதா தொற்றிக்கொண்டாள்.

மணிக்கூண்டு அருகே ஹரிகிருஷ்ணன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ரிசீவரைத் திருப்பினான். காது கிழிந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினான். அதே சத்தம். முழுக்கக் குறைத்தான். அப்போதும் அடங்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போனான்; நரியும் கூடவே போனது. சந்தேகம் தலைக்கேற, நடைபாதையில் குந்தி, ஸ்குரூ டிரைவரால் ரிசீவரின் மூடியைக் கழற்றினான்.

அதற்குள் நரி தேடிய மற்ற இருவர், முருகையனும் தமிழ்மாறனும், ரிசீவரை நீட்டியபடி வந்துவிட்டார்கள். "சத்தம் இங்கதாம்பா" என்றான் முருகையன்.

ஹரிகிருஷ்ணன் நிமிர்ந்து சரிதாவைப் பார்த்தான். "நீதான? என் செட்டுல கை வச்சிட்ட."

"நான் இன்னாண்ணே பண்ணேன்?"

"நடிக்காத. ஏஜிசி அணைய மாட்டுது. சுவிட்சு காலுல ஈயம் வச்சிருக்க."

"சுவிட்சு நல்லாத்தான தெரியுது?"

"மேல பாத்தா எப்படித் தெரியும்? போர்டுக்கு அடியில வப்பாங்க. கழட்டினாத்தான் தெரியும். அன்னைக்கு நீயே கழட்டித்தான கண்டுபுடிச்ச..."

நிறுத்திக்கொண்டான். போர்டைப் புரட்டினான். அடியில் சுத்தமாக இருந்தது.

கண்ணையன் பைக்கை விட்டு இறங்கினார். "அன்னைக்கு அவ கழட்டினப்ப அங்க ஈயம் இருந்துச்சா, ஹரி?"

மூன்று ரிசீவரும் பீப் பீப் என்று அலறிக்கொண்டிருந்தன. சரிதா ஸ்கூட்டரிடம் போய், ஸ்டெப்னி கவரை விலக்கி, டிரான்ஸ்மிட்டரை எடுத்து அணைத்தாள். தெரு அமைதியானது.

"நகர்ற எடத்துல நரிய ஒளிக்கக் கூடாதுன்னு விதி. மீறிட்டேன். கிளப்ப விட்டுத் தூக்கறதுன்னாலும் தூக்குங்கண்ணே."

"உன்ன அப்பறம் பாத்துக்கறேன்" என்றார் கண்ணையன். அவர் பார்வை ஹரிகிருஷ்ணனை விட்டு அகலவில்லை. "மொதல்ல இவன் கிளப்புல வந்து சொல்லட்டும்."

ஹரிகிருஷ்ணன் மூடியை மாட்டப் பார்த்தான். ஸ்குரூ கைநழுவிச் சாக்கடைக்குள் விழுந்தது. முருகையன் குனியவில்லை. தமிழ்மாறனும் குனியவில்லை.

"வா, வீட்டுல வுட்டுடறேன்" என்று கண்ணையன் சரிதாவைக் கூப்பிட்டார்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் சரிதா. ஹரிகிருஷ்ணன் முகத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது.