பெயர் சொல்லிக் கூப்பிட்ட பீர்

வோஸ் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்த ஆறாவது வருஷம், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால், சின்னோவாவின் வீட்டுத் தொட்டியில் நொதித்துக்கொண்டிருந்த பீர், ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்த ஹால்வோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. அதே வாரம் பார்லி மூட்டைக்கு அரைக் குரோனர் விலை ஏறியது. முதல் இரண்டு நாள் ஊரில் பார்லியைப் பற்றித்தான் பேச்சு.

தப்பு சின்னோவாவுடையது, அதில் சந்தேகமில்லை. பீரில் ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தல் எவ்வளவு பெரிதோ, பீருக்கு அவ்வளவு வீரியம். ஆனால் வெறும் கத்தல்தான். வார்த்தை கூடாது, ஆள் பெயர் கூடவே கூடாது. ஈஸ்ட் கடைசியாகக் காதில் விழுந்த பெயரை மறக்காது. குடிக்கிறவர் வாய்வழியே திருப்பிச் சொல்லிவிடும். இது அந்தப் பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் புருஷன் தோர்கீர் இருந்தவரை கத்துவது அவன் வேலை. அவன் கத்தினால் கூரைப் பனி முழுக்கச் சரிந்து முற்றத்தில் விழும், அதை அள்ளுவதுதான் சின்னோவாவின் வேலை. அவன் செத்துப்போன பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் அவள் பீர் காய்ச்சவில்லை. மூன்றாவது வருஷமும் காய்ச்சாவிட்டால் பண்ணை ராஜாவுக்குப் போய்விடும் என்று பழைய சட்டம் ஒன்று உண்டு. அறுநூறு வருஷமாக எந்த ராஜாவும் அதைக் கேட்டு வந்ததில்லை. ஆனால் நாத்தனார் பிரீத்தா வந்தாள்.

"ராஜா வராரோ இல்லியோ அண்ணி, ஊர் வரும். கிறிஸ்துமஸுக்கு வர்றவங்களுக்குத் தண்ணியவா ஊத்துவீங்க?"

சின்னோவா காய்ச்ச ஒப்புக்கொண்டு, பரணிலிருந்து ஈஸ்ட் சட்டியை இறக்கிப் பார்த்தால், வைக்கோல் வளையத்தில் காயவைத்திருந்த ஈஸ்டை எலி தின்றுவிட்டிருந்தது. தின்ற எலி பெருத்து, வளையத்துக்கு உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. இனி கடன் கேட்க இருந்தது ஒரே வீடு, ஹால்வோரின் வீடு.

ஹால்வோர் நாற்பத்து மூன்று வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவன் ஈஸ்டுக்கு வோஸ் முழுக்கப் பேர் உண்டு. ஆனால் இரண்டு வருஷமாகத் தன் பீரைச் சுவைக்க அவன் ஒருவரையும் கூப்பிடவில்லை. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. சின்னோவா பனிச் சறுக்குக் கட்டையில் ஆற்றைக் கடந்து போய் நின்றபோது, அவன் ஒரு துணியில் காய்ந்த ஈஸ்டைக் கொட்டி, முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டான்.

"சூடா வெச்சுக்குங்க," என்றான். வாசல்வரை வந்து, "நல்லாக் கத்துங்க," என்றான். அவள் மூட்டையைச் சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டு வந்தாள். ஆற்றின் நடுவில் அது ஒருமுறை துடித்தது போலிருந்தது. குளிரால் இருக்கும் என்று நினைத்தாள்.

ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரின் கிளைகளை வேகவைத்த தண்ணீரில் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்த சாற்றைச் செப்புக் கொப்பரையில் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை கொதிக்கவிட்டார்கள். கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. பிறகு அதைத் தொட்டியில் ஊற்றி, கன்றுக்குப் புகட்டும் பாலின் சூட்டுக்கு ஆறவைத்தார்கள். சின்னோவா ஈஸ்டைத் தூவிவிட்டுக் கத்தினாள்.

"இது என்ன, பூனைக்குட்டியை மிதிச்ச மாதிரி?" என்றாள் பிரீத்தா. "இதைக் குடிச்சா பாதிரியாருக்கு ஏப்பம்கூட வராது."

சின்னோவாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூச்சை இழுத்து, கண்ணை மூடி, இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து வாயைத் திறந்தாள். வந்தது கத்தல் அல்ல.

"ஹால்வோரூ! வந்து தொலையேன்யா!"

கூரைப் பனி மொத்தமும் சரிந்தது. பிரீத்தாவின் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது. "அடிப்பாவி அண்ணி!" என்றாள் அவள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தொட்டி முணுமுணுக்க ஆரம்பித்தது. மூன்று போர்வை போட்டு மூடியும் கேட்டது. சின்னோவாவுக்கு மானம் போகிற விஷயம். கிறிஸ்துமஸ் பீரைக் கீழே கொட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கொட்டாவிட்டாலோ மூன்றாம் நாள், பீரைப் பீப்பாய்க்கு மாற்றும்போது, வாசனை பிடித்து ஊரே சுவைக்க வரும். முதல் கிண்ணம் ஈஸ்ட் கொடுத்தவனுக்கு. அவன் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனால், அப்புறம் இந்த ஜென்மத்தில் அந்த ஆற்றுப்பக்கம் எப்படிப் பார்ப்பது?

மூன்றாம் நாள் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஹால்வோர் வரவில்லை. மத்தியானம்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு பிரீத்தா, புளித்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பதாகச் சொல்லி ஒரு வாய் குடித்தாள். வாயைப் பொத்துவதற்குள், அச்சு அசல் சின்னோவாவின் குரலில், "ஹால்வோரூ! வந்து தொலையேன்யா!" என்று வந்துவிட்டது. சபை வெடித்துச் சிரித்தது. அதன்பின் கிண்ணத்துக்கு அடிதடி. தபால்காரர் கூப்பிட்டார். தச்சரும் அவர் மனைவியும் ஒரே மூச்சில் கூப்பிட்டார்கள். பாதிரியார், ஆராய்ச்சிக்காக என்று சொல்லி மூன்று கிண்ணம் குடித்து மூன்று முறை கூப்பிட்டார், கடைசி முறை கொஞ்சம் கெஞ்சலாக. நுரையை நக்கிய குதிரைக்குப் பாதிப் பெயர்தான் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஒருதரம் கூப்பிட்டபோது ஆற்றுப் பனிக்கட்டியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு கீறல் விழுந்தது.

சின்னோவா முகத்தை இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் புதைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். அழுகைதான். நடு நடுவே சிரிப்பும் வந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

ஹால்வோர் வந்தான். மழித்த முகத்தில் இரண்டு வெட்டு. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. தோளில் ஒரு சின்னப் பீப்பாய், அதன் வாயில் ஏழெட்டுத் துணி சுற்றி அடைத்தது. யாரையும் பார்க்காமல் முதல் கிண்ணத்தை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தான். ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. தொட்டியும் முணுமுணுப்பை நிறுத்திவிட்டது.

"வந்துட்டேன்," என்றான்.

பிறகு தன் பீப்பாயை இறக்கி, துணிகளை அவிழ்த்து, ஒரு கிண்ணம் ஊற்றிப் பாதிரியாரிடம் நீட்டினான். பாதிரியார் ஆவலோடு குடித்தார். ஹால்வோரின் கட்டைக் குரலில், கண்ணாடிச் சன்னல்கள் அதிர, "சின்னோவா!" என்று அலறினார்.

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்லுது," என்றான் ஹால்வோர். காது சிவந்திருந்தது. "இதை வெச்சுக்கிட்டு நான் யாரைக் கூப்பிட்டு ஊத்துறது?"

சின்னோவா துணியிலிருந்து முகத்தை எடுத்தாள். "உங்களைக் கஞ்சன்னு சொன்னாங்க."

"சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"மடையன்," என்றாள் அவள். அவள் சொந்தக் குரலில், ஒரு சொட்டும் குடிக்காமல்.

கிறிஸ்துமஸின் பதிமூன்றாம் நாள் கல்யாணம் நடந்தது. இரண்டு பீப்பாய்களையும் ஒரே நிலவறையில் வைத்தார்கள். ஒன்று கூப்பிடும், மற்றது பதிலுக்குக் கூப்பிடும். காலியாகும்வரை ஓயவில்லை, பிரீத்தா காதில் கம்பளி அடைத்துக்கொண்டு தூங்கினாள். அடுத்த வருஷத்திலிருந்து இருவரும் ஒன்றாக நின்று, வார்த்தை இல்லாமல், முறைப்படிதான் கத்தினார்கள். பயனில்லை. ஈஸ்ட் பழகிவிட்டது. இன்றைக்கும் டிசம்பரில் அந்த வீட்டு நிலவறை ஹால்வோரைக் கூப்பிடும். எழுபது வயதுக் கிழவன் அவன், காது மந்தம், இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான். அந்தக் குரலுக்கு மட்டும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, "வந்துட்டேன்" என்று படியிறங்கிப் போவான். பார்லி விலை அந்த அரைக் குரோனர் ஏறியது ஏறியதுதான், இறங்கவே இல்லை.