தண்டவாளத்தில் ஒரு புள்ளி

சிவலட்சுமி, நுண்கடன் கம்பனியில் எடுத்த குழுக் கடனில் இன்னும் அறுபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் கட்டவேண்டியிருந்த வருடத்தில், மல்லாவிக்குப் பக்கத்தில் அவரும் புருசன் வீரபாகுவும் இருந்த வீடு கிழக்குப் பக்கமாக நகரத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு சாண்தான். அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது, பசளை இல்லாமல் நெல் சாவியாகப் போனது, வீடு நகர்ந்தது. சனம் மூன்றையும் ஒரே குரலில்தான் கதைத்தது. கிணற்றடி தூரமாகிக்கொண்டு போவதை மட்டும் சிவலட்சுமி கவனித்தார். தண்ணீர் வாளி தூக்குகிறவர் அவர்தானே.

வீடு என்றால் கல்வீடு இல்லை. இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த கொட்டில். வீட்டுத்திட்டத்தின் முதல் கட்டக் காசு வந்தபோது பக்கத்தில் ஒரு அத்திவாரம் போட்டார்கள். கம்பி வாங்கக் காசு காணாமல், சண்டைக் காலத்துப் பதுங்குகுழி, பழைய பங்கர் ஒன்றிலிருந்து கிளறி எடுத்த தண்டவாளத் துண்டுகளைச் சீமெந்துக்குள் புதைத்தார் வீரபாகு. அவற்றின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டாம் கட்டக் காசு வரவில்லை. அத்திவாரத்துக்குள் புல்லு முளைத்தது. கூலி வேலைக்குப் போய்வந்த நேரம் போக, கலப்பைக் கொழு, படலை, சைக்கிள் கரியர் என்று ஊர்ச் சாமான் திருத்தலாம் என்று நம்பித்தான் அந்தக் கடனை எடுத்து ட்ரில் மெஷினும் கிரைண்டரும் வாங்கி, கொட்டிலின் ஒரு மூலையைப் பட்டறையாக்கினார்கள்.

நகருகிற பழக்கம் தகரங்களில் இருந்தது. இரண்டாயிரத்து எட்டில் சண்டைக்குப் பயந்து மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிய தகரங்கள் அவை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று ஏற்றி இறக்கி, இறக்கிய இடமெல்லாம் புது ஆணி அடித்து, ஏற்றும்போது பிடுங்கி, கடைசியில் உடம்பெல்லாம் ஓட்டையாகிவிட்டன. திரும்பி வந்து கொட்டில் போட்டபோது, புதிதாக ஓட்டை போட்டால் ஒழுகும் என்று வீரபாகு பழைய ஓட்டைகளுக்குள்ளேயே ஆணி அடித்தார். அந்த ஊரில் எல்லாரும் செய்கிற பிழைதான் அது. மற்றவர்களுடைய தகரங்கள் காற்றுக்கு முனகியதோடு நின்றன, இவருடையவை வெளிக்கிட்டன.

வெளிக்கிட்டதில் பெரிய பாதகம் இல்லை, காணி மட்டும் இல்லாவிட்டால். வருகிற மாசி மாதம் அதிகாரிகள் வந்து காணிக் கச்சேரி என்ற விசாரணை வைத்து, வீடு வளவுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் காணி உத்தரவுப்பத்திரம் தருவதாக அறிவித்திருந்தார்கள். வீரபாகுவின் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலை மலையிலிருந்து அடிவாங்கி ஓடிவந்து வெட்டிய காடு அது. மூன்று தலைமுறையாக ஒரு துண்டுக் கடதாசி கிடைக்காத காணி. கொட்டிலுக்குக் கிழக்கே அத்திவாரம், அதற்கடுத்து எல்லைக் கல். வீரபாகு கயிறு கட்டிப் பார்த்தார், கயிறு அறுந்தது. முதிரை மரத்தில் சங்கிலி போட்டார், மரம் சாய்ந்தது. ஐப்பசி மழையோடு கொட்டில் அத்திவாரத்தின் மேல் ஏறியபோது, சட்டத்தின் கால்களைத் தண்டவாளத்தில் துளைபோட்டு நட்டு முடுக்கிப் பூட்டுவதுதான் மிச்சமிருந்த வழி என்று தெரிந்தது.

இரும்பில் புள்ளி குத்தாத இடத்தில் ட்ரில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் புள்ளியைக் குத்துகிற விரல் நீள உருக்குக் கம்பிக்குத்தான் சென்ரர் பஞ்ச் என்று பெயர். வீரபாகுவின் ட்ரில் எப்போதும் கிழக்கே வழுக்கியது. மல்லாவிச் சந்தையில் தறப்பாள் விரித்து விற்கிறவனிடம் தங்க நிறம் பூசிய பஞ்ச் ஒன்று வாங்கினார். இரண்டு அடியில் அதன் முனை சப்பின வேப்பங்குச்சி போல விரிந்தது. பழைய போல்ட் ஒன்றைக் கிரைண்டரில் கூராக்கினார்; அது வளைந்தது. பிறகு உள்ளே ஸ்பிரிங் வைத்த பஞ்ச் ஒன்று. சுத்தியல் வேண்டாம், அமத்தினால் தானாக அடிக்கும். மெல்லிய தகட்டுக்கு அது சோக்கான சாமான். தண்டவாளத்தில் எறும்பு கடித்த தடம்தான் விழுந்தது. வேலியில் சாய்ந்து நின்று பார்த்த பக்கத்து வளவு அப்புத்துரை, "வீரபாகு அண்ணை, அது தண்டவாளத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுது. இன்னும் கொஞ்சம் மூட்டுங்கோ, சிரிச்சுக்கொண்டே ஓட்டை விடும்" என்றான்.

அதற்குப் பிறகுதான் முல்லைத்தீவுக்கு பஸ் ஏறி மஹ்றூபின் இரும்புக் கடைக்குப் போனார். மஹ்றூப் தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாரோடும் ஊரை விட்டு அனுப்பப்பட்டு, பாதி ஆயுளைப் புத்தளத்தில் கழித்து, திரும்பி வந்து கடை போட்டவர். கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்கட வூடு அண்டைக்கு எங்களோட வரல்ல, அண்ணே. உங்கட வூட்டுக்குக் காலாவது இரிக்கி" என்றார். பிறகு ஒரு பெட்டியைக் கவிழ்த்து, பஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் உருட்டினார். ஆடி ஆடி உருண்டவற்றைத் தள்ளினார். மிஞ்சியவற்றின் முனையில் அரம் வைத்து இழுத்தார். அரம் கடித்ததெல்லாம் பச்சை இரும்பு, அரம் வழுக்கியதுதான் பதம் போட்டது. "முன மட்டும்தான் இப்பிடி இரிக்கணும். தல கொஞ்சம் மெதுவா இரிக்கணும். தலயும் இறுக்கமெண்டா அடிக்கக்க சில்லுத் தெறிச்சிக் கண்ணுல போகும்." மினுமினு என்று முலாம் பூசியதை வேர்வைக் கையில் நிற்காது என்று ஒதுக்கினார். கூர் ஒடுங்கியது கோடு கீறத்தான், முனை சற்று அகலித்ததில்தான் ட்ரில் குந்தும் என்றார். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது; பிடியில் சொரசொரப்பு வெட்டிய, கறுத்த, வடிவில்லாத பஞ்ச்.

"இதுவும் நிக்காட்டி, மஹ்றூப் நானா?" என்று கேட்டார் வீரபாகு.

"இது நிக்கும். வூடு நிக்குமோ எண்டு என்னட்டக் கேக்காதீங்க."

கொட்டில் மூச்சு விடுவது போல் ஓர் இழுவைக்கும் மறு இழுவைக்கும் நடுவே சற்று ஓயும். அந்த ஓய்வுக்குள் ஒரே அடியாக அடித்தார் வீரபாகு. தண்டவாளத்தில் அரிசி பதிகிற ஆழத்துக்குப் புள்ளி விழுந்தது. ட்ரில் அதில் குந்தி அசையாமல் இறங்கியது. இரண்டு நாளில் எல்லாக் கால்களையும் பூட்டி முடித்தார். வீடு நின்றது. கடன் தவணை அறவிட வருகிற பிரதாபன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுக் காலால் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை, ஐயா" என்றான். அந்த வாரக் காசு இல்லை என்று சொன்னதும் முகம் மாறிப் போனான்.

வீடு நின்ற மாதம் முழுக்கச் சிவலட்சுமி சரியாகச் சாப்பிடவில்லை. தகரமெல்லாம் கிழக்கே புடைத்துக்கொண்டு நின்றது, காற்று இல்லாமலே. தை பிறந்த ஒரு மத்தியானம் அவர் குசினி வாசலில் இருந்தபடி கேட்டார்.

"அது எங்க போகுதெண்டு உங்களுக்குத் தெரியும் என்ன?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே பூட்டினனீங்கள்."

"காணி போயிடுமப்பா."

"காணி போயிடும். பிள்ளை மட்டும் அங்க கிடக்கலாம், என்ன?"

விசுவமடுவில் அந்தத் தகரங்கள் ஒரு பங்கருக்குக் கூரையாகக் கிடந்தன. அவர்களுடைய மகள் சுதர்சினியை அந்தக் குழிக்குள்ளேயே வைத்து மூடவேண்டி வந்தது. மண் போட நேரம் இல்லாததால் தகரத்தால் மூடி, மேலே கிடைத்த மண்ணைத் தள்ளிவிட்டு நடந்தார்கள். முகாமிலிருந்து வந்து தேடியபோது தகரங்கள் அதே இடத்தில் ஓரமாகத் தள்ளிக் கிடந்தன. குழியை யாரோ மெஷினால் நிரவி மட்டப்படுத்தியிருந்தார்கள். கொட்டில் போட வேறு வழி இல்லை, தகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதை அவர்கள் இருவரும் அன்றுவரை வாய்விட்டுக் கதைத்ததில்லை.

வீரபாகு நட்டுச் சாவியை எடுத்துப் போய் நட்டுகளின் முன்னால் குந்தினார். கழற்றுவதா விடுவதா என்று பொழுது சாயும்வரை குந்தியிருந்து, கழற்றாமல் எழும்பி வந்தார். காணிக் கச்சேரிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அத்திவாரம் முனகியது. புள்ளியில் பிழை இல்லை, துளையில் பிழை இல்லை, பூட்டிலும் பிழை இல்லை. அத்திவாரம்தான் மண்ணிலிருந்து பெயர்ந்து, தண்டவாளமும் சீமெந்தும் புல்லுமாக வீட்டோடு கிளம்பியது. எல்லைக் கல்லை உடைத்துக்கொண்டு வளவை விட்டு வெளியேறியது. காணி வேறொருவருக்கு எழுதப்பட்டது. அவர் நல்ல மனுசன், கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டார், வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தவரை.

பாரம் கூடிய பிறகு வீடு வேகம் பிடித்தது. நாளுக்கு ஒரு வயல் அகலம் போகும். சனம் வேலியைப் பிரித்து வழிவிட்டு, போன பிறகு திரும்பக் கட்டியது. ஏ ஒன்பது வீதியைக் கடக்க ஒரு பகல் எடுத்தது. பொலிஸ் நின்று வாகனங்களைத் தோட்டம் வழியாகச் சுற்றி விட்டது. வழியில் எங்காவது வேலி அடைக்க, கச்சான் கடலை பிடுங்க ஆள் கேட்டால் வீரபாகு இறங்கிப் போவார், பின்னேரம் நடந்து வந்து வீட்டைப் பிடிப்பார். "போய்ச் சேந்தாலும் அங்க நிக்க விடுவினமோ?" என்று ஒருநாள் கேட்டார். அந்த இடத்தில் இப்போது யாரோ தென்னை வைத்து முள்ளுக்கம்பி அடித்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். சிவலட்சுமி அடுப்பை ஊதினார்.

முரசுமோட்டைக்கு இப்பால் பிரதாபன் அவர்களைக் கண்டுபிடித்தான். மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டோடு சேர்ந்து நடந்தான். கடன் கம்பனியின் பழைய கிளை, வீடு தன் எல்லையில் இல்லை என்றது. புதிய கிளை, நிரந்தர விலாசம் இல்லாதவரைப் பொறுப்பெடுக்க ஏலாது என்றது. தலைமை அலுவலகம் யோசித்து, அறவிடமுடியாதது என்று முழுத்தொகையையும் தள்ளுபடி செய்துவிட்டது.

"இனி நான் வரமாட்டன், அக்கா. சந்தோசம்தானே?"

"சந்தோசமோ, தம்பி?" என்றார் சிவலட்சுமி. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

குசினிப் பக்கத் தகரத்தை உயர்த்திக் கோப்பையை நீட்டினார். வீடு நிற்கவில்லை. பிரதாபன் மோட்டார்சைக்கிளை ஒரு பாலை மரத்தில் சாய்த்துவிட்டு, வீட்டோடு கூடவே நடந்து ஊதி ஊதிக் குடித்து முடித்து, வெறுங்கோப்பையை உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.