அந்தோனியாருக்கு ஒரு தோள்

அந்தோனியார் சிலையை ஊர்வலமாகச் சுமக்கும் சுருவக்கூட்டின் இடப்பக்க முன்தடிக்குக் கீழே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. டொறத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெர்மனியின் கொலோன் நகரில் இத்தாலியர் குடியிருக்கும் அந்தத் தெருவில் அன்று அந்தோனியார் திருநாள். வீட்டுக்கு வீடு குறுக்கே மின்குமிழ் வளைவுகள், பொரித்த மீன் வாசம், எலுமிச்சை ஐஸ்கிறீம் வழியும் சின்னக் கைகள். வாத்தியக்காரர் ஊதி ஊதிச் சுருதி பார்த்தார்கள்.

மூன்று வருடம் அந்த இடத்தில் தோள் கொடுத்தவன் அவள் கணவன் ஜேசுரட்ணம். திருநாளை முன்நின்று நடத்துகிற பஸ்குவாலேயின் உணவகத்தில் குசினி வேலை. போன கார்த்திகையில், கோப்பை கழுவிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். ஊர்வலம் வரும் ஞாயிறுகளிலும் முதியோர் இல்லத்தைத் துப்புரவாக்கப் போகிற டொறத்தி, அவன் கூடு தூக்குவதை ஒருமுறைகூடக் கண்டதில்லை. தூக்குகிறவன் செத்தால் அடுத்த திருநாளுக்கு அவன் வீட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். இத்தாலியரின் வழக்கம் அது. பஸ்குவாலே போன கிழமை வீடு தேடி வந்து சொல்லிப் போயிருந்தார்.

"ஆண்டுத்திவசம் இன்னும் முடியேல்லை. அதுக்குள்ள திருநாளோ? அதுவும் பொம்பிளை கூடு தூக்கிறதோ?" கணவனின் தமையன் சில்வெஸ்டர் பின்னால் நின்று முணுமுணுத்தார். "சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம் அத்தான்? இந்தத் தெருவில எங்கட சனமெண்டு நீங்கள் ஒராள்தானே நிக்கிறியள்."

மகள் லவினியா வாயைப் பொத்திச் சிரித்தாள். "கெதியாப் போங்கோ அம்மா. அந்த மொட்டை அங்கிள் இடத்தைப் பிடிக்கப் பாக்கிறார்."

டொறத்தி செருப்பைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். அவள் பிறந்த யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கூடு தூக்குகிறவர்கள் வெறுங்காலுடன்தான் நடப்பார்கள். வெள்ளைச் சேலையுடன் தடிக்குக் கீழே போய் நின்றவளைப் பஸ்குவாலே மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு துவாய்களை மடித்து அவள் தோளில் வைத்தார். "உயரம் காணாது, சிஞ்ஞோரா."

மணி அடித்தது. வாத்தியம் முழங்கியது. பதினான்கு ஆம்பிளைகளும் அவளுமாக அந்தோனியாரைத் தூக்கினார்கள். மேல்மாடிகளிலிருந்து பூவிதழும் கடதாசித் துண்டுகளும் கொட்டின. இவ்வளவு பாரம் என்று ஜேசுரட்ணம் சொன்னதேயில்லை. வெயிலில் காய்ந்த தார் உள்ளங்காலைச் சுட்டது. ரொட்டி வேகும் வெதுப்பகத்தைக் கடக்கும்போது இடத்தோள் விறைத்து, தடி நழுவப் பார்த்தது. இதோ விழப்போகிறேன் என்று நினைத்தவளின் வாயிலிருந்து, சின்ன வயதில் கடற்கரைத் தெருவில் கூடு தூக்குகிறவர்கள் எழுப்பக் கேட்ட குரல் தன்பாட்டில் வெடித்தது.

"மாத்து!"

கத்திய பிறகுதான் பயம் பிடித்தது. இவர்களுக்குத் தமிழ் எங்கே விளங்கப்போகிறது?

"மாத்து!" முன்னால் நடந்த பஸ்குவாலே திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "மாத்து! மாத்து!" பின்தடிவரை குரல் ஓடியது. ஒரே அசைவில் எல்லாரும் குனிந்து தடிக்கு மற்றப் பக்கம் வந்து தோள் மாற்றினார்கள். சுருவம் ஒரு விரற்கடைகூடச் சரியவில்லை.

"இது... உங்களுக்கு எப்பிடி?" டொறத்தி திக்கித் திக்கி ஜெர்மனில் கேட்டாள்.

"ஜேசு கத்துவான்," என்றார் பக்கத்தில் வந்தவர், மூச்சு வாங்கியபடி. "முதல் வருசம் சிரிச்சோம். இப்ப அது இல்லாமல் எங்களுக்குத் தோள் மாத்த வராது."

சனத்தை இடித்துக்கொண்டு சில்வெஸ்டர் கூடவே ஓடி வந்தார். அவரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தெரு வளைகிற இடத்தில் மறுபடி தோள் மாற்றவேண்டியிருந்தது; வாத்தியம் ஓய்ந்தது. பஸ்குவாலே இம்முறை கத்தவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பதினான்கு பேரும் காத்து நின்றார்கள். டொறத்தி மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள்.