லேய் என்றால் மரியாதை

போலோனியாவில் என் எதிர்வீட்டுக்கு நான் டவுன் பஸ்ஸில்தான் போவேன். எதிர்வீட்டு ஓர்நெல்லாவும் நானும் அவ்வளவு மரியாதையாகப் பேசிவந்தோம்.

இத்தாலிய மொழியில் 'லேய்' என்றால் நீங்கள். 'தூ' என்றால் நீ. லேய்க்கு 'அவள்' என்றும் ஒரு பொருள் உண்டு. ஆகவே, லேய் என்று சொன்னதும் ஒரு அவள் வந்து நடுவில் நிற்பாள். அவள் நிற்க இடம் வேண்டுமே. எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவிலுள்ள வராந்தா கொஞ்சம் நீளும்.

நான் பாளையங்கோட்டைக்காரன். எங்களூரில் பெரியவரை லேய் என்றால் செவிட்டில் அறை விழும். தூ என்றால் காறித் துப்புவது. லேய் எப்படியோ பழகிவிட்டது. தூ மட்டும் நாக்கில் ஏறவில்லை.

ஓர்நெல்லா பல் டாக்டர். அவள்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. சொல்லவில்லை. லேய் போட்டுச் சொல்கிற விஷயமா அது?

இன்று காலை காவல்காரர் குவால்த்தியேரோ கதவைத் தட்டினார். அவர் இத்தாலிய மொழியில்தான் பேசுவார். என் காதில் திருநெல்வேலித் தமிழாக விழும்.

"டாக்டரம்மா வீட்டக் காலி பண்ணுதாவ. திரியெஸ்தே ஊருக்குப் போதாவளாம். டாக்ஸி வந்துட்டு."

"எப்பம்?"

"இப்பம். ஆனா தூ போடுததுக்கு நீங்க ஆரம்பிக்கப்படாது. அவியதான் சொல்லணும். ஒங்களவிட அஞ்சு நிமிசம் மூத்தவிய."

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். பஸ் நிறைய அவள்கள். எல்லாரும் நாங்கள் இருவரும் வரவழைத்தவர்கள். உட்கார இடமில்லை.

"நீங்க குடை கேக்கயில வந்தவ நான்," என்றாள் ஒருத்தி. "ஞாபகம் இருக்கா?"

"லேயை மறப்பேனா?" என்றேன். பழக்கதோஷம். இன்னொருத்தி ஏறினாள். வழியில் ஒரு நிறுத்தம் கூடியது.

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கூட்டம் தாங்காமல் பஸ் பாதியில் நின்றது. ஓர்நெல்லா தூரத்தில், தன் வாசலில், பெட்டியும் கையுமாக நின்றாள். கட்டைவிரல் உயரம் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் கைகளை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"இனிமே தூ போட்டுக்கிடுவமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதற்காகத்தானே தவம் கிடந்தேன்! வாயைத் திறந்தேன். தூ வரவில்லை. ஆசை வைத்தவளைப் பார்த்து எப்படித் துப்புவது? அவள் காத்திருந்தாள். முகம் வாடியது. பெட்டியைத் தூக்கினாள்.

"லேய் மன்னிக்கணும்!" என்று கத்திவிட்டேன். பாவி வாய். வராந்தா நீண்டது. அவள் உளுந்து அளவுக்குச் சிறுத்துப்போனாள்.

பதறிப்போய் படியில் தொங்கிக்கொண்டு எங்களூர் பாஷையிலேயே கூவினேன்.

"ஏட்டி ஓர்நெல்லா! போவாதட்டி!"

இது மரியாதையா, மரியாதைக் குறைச்சலா என்று வராந்தாவுக்குப் பிடிபடவில்லை. நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அவள்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கூப்பிட்டது தங்களை இல்லை என்று விளங்கியதும், ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள். கடைசியில் இறங்கியவள் பஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஓர்நெல்லா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னலே?" என்றாள், என் காதுக்குள்.