பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் ஸ்வெட்டர்

சியாமளா தன் சிவப்பு ஸ்வெட்டரைப் பவுனுக்குப் போட்டுவிட்டாள். தோள் தொங்கியது. கைகள் நீளமாக இருந்ததால் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. போன குளிர்காலத்தில் கேம்ப் கடைவீதியில் வாங்கிய ஸ்வெட்டர். பிரஸ்ஸல்ஸ் போவதற்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வாங்கினாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"சோக்கா கீதுக்கா. மெத்து மெத்துனு," என்றாள் பவுன்.

மராத்தி ஊரான ஏரவாடாவின் அந்தச் சந்தில் பவுன் பழைய கணினிகளை உடைத்துச் செம்பு எடுக்கிறாள். அமிலத்தில் மின்சுற்றுப் பலகைகளை முக்கி முக்கி அவள் விரல்கள் வெந்திருந்தன. வெளிநாட்டுப் பழைய கணினிகள் இப்படி ஏழை நாடுகளில் வந்து விழுவதைத் தடுக்கச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் ஒரு தன்னார்வ அமைப்பு போராடிக்கொண்டிருந்தது. அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் பேச இந்த வேலை செய்யும் ஒருவரும், அதை ஆங்கிலத்தில் சொல்ல ஒருவரும் வர வேண்டும் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்தைக் கேட்டிருந்தார்கள்.

பவுனை இந்தச் சந்தில் கண்டுபிடித்தது சங்க வேலைகளைப் பார்க்கும் சியாமளா. பாஸ்போர்ட்டுக்காக அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் சியாமளாதான். அந்த வரிசையிலேயே தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். ஆனால் சங்கத் தலைவர் சந்திரமௌலி, போன வருடம் வந்து சேர்ந்த பார்கவியின் பெயரைச் சொன்னார். கோயம்புத்தூர்ப் பெண். கணவனுக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. "அவ இங்கிலீஷ் நல்லா இருக்கு. தவிர நீங்க இல்லாட்டா இங்க ஒண்ணும் நடக்காதே, சியாமளா," என்று சிரித்தார். அதைப் பாராட்டு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பார்கவியிடம் குறை கண்டுபிடிக்க முடிந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவள் கர்வக்காரி இல்லை. செய்த பலகாரத்தில் பங்கு கொண்டுவந்து கொடுப்பாள். பேசும்போது ஆங்கிலம் அவள் வாயில் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் சியாமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பவுன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இந்தச் சாமான எங்க ஊருக்கு அனுப்பாதீங்கன்னு என்னிய சொல்லச் சொல்லுது அந்தப் பொண்ணு. நானும் மண்டைய ஆட்டிக்கினு கீறேன். அனுப்பலன்னா நான் இன்னாத்த தின்றது?"

"நீ என்ன சொல்லணும்னு நெனைக்கிற?"

"கைக்கு உறை குடுங்க, காத்து வர்ற மாதிரி ஷெட்டு போட்டுக் குடுங்க, வேலைய மட்டும் நிறுத்தாதீங்க. இத அங்க சொல்லலாமா?"

முன்பின் பார்த்திராத ஒரு கூடம் சியாமளாவின் கண்ணில் வந்தது. வெள்ளைக்கார முகங்கள். பவுன் பேசி முடிக்கிறாள். மைக் முன்னால் பார்கவி, வாய் திறந்தபடி, பழகி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட உதவாமல். பவுன் சொல்வது நியாயம். அது தனக்கு வசதியாகவும் இருப்பதுதான் சியாமளாவை உறுத்தியது.

"உன் மனசுல இருக்கறதைச் சொல்லு," என்றாள். பிறகு ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பார்கவிகிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டு இருக்காத," என்றாள்.

மும்பை விமான நிலையத்துக்குப் போகும் வண்டி வந்து நின்றது. பார்கவி இறங்கி வந்து சியாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்கக்கா போயிருக்கோணும். சார்கிட்டயும் சொன்னேன், கேக்கலீங்க."

அந்த இரக்கம்தான் தாங்க முடியாததாக இருந்தது. சியாமளா கையை விடுவித்துக்கொண்டாள்.

"பவுனம்மா புதுசா ஏதாச்சும் சொன்னாங்களா? அங்க போய் நான் முழிக்கக் கூடாது பாருங்க."

"ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியதை நல்லா பழகிட்டா."

"கைய மறக்காம அங்க காட்டச் சொல்லியிருக்காங்க, பவுனம்மா," என்றபடி பார்கவி அவளை வண்டியில் ஏற்றினாள்.

சந்து முனையில் வண்டி நின்றுவிட்டது. பழைய மானிட்டர்களை ஏற்றிக்கொண்டு எதிரே ஒரு கைவண்டி உள்ளே வர முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. தள்ளுகிறவன் மராத்தியில் கத்தினான். நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்கவியிடம் சொல்லிவிடக்கூடிய தூரம்தான். சியாமளா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாகப் பவுன் கையாட்டினாள். கை தெரியவில்லை. சிவப்புக் கம்பளிதான் காற்றில் இப்படியும் அப்படியும் அசைந்தது. கைவண்டி ஒதுங்கி வழிவிட, வண்டி போய்விட்டது; பிறகு கைவண்டி உள்ளே வந்தது.