கண்ணாடியைக் கழற்றும் நேரம்

ஒரே ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தைப் பற்றி வாதாட, ஊரிலேயே பொருத்தமான இடம் கண்ணாடிக்காரரின் கடைதான். சுவர் முழுக்க ஃப்ரேம்கள், வரவழைத்த சாட்சிகள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கும். வாசலை ஒட்டி நாலு நாற்காலி. வாடிக்கையாளர்களுக்காகப் போட்டவை. ஆனால் அவற்றில் இடம் கிடைத்த வாடிக்கையாளர் குறைவு.

ஒரு நாற்காலி பஸ் டிரைவருக்கு. கல்லூரிக் கூடைப்பந்து அணியை வெளியூர் ஆட்டங்களுக்கு ஏற்றிக்கொண்டு போய் வருகிறவர் என்பதால், ஆட்டத்தையே தான் ஓட்டுவதாக நினைப்பு. இன்னொன்று கணக்கு வாத்தியாருக்கு. கல்லூரியில் பதக்கம் வாங்கியவர். அது ஊருக்கே தெரியும், அவரே சொல்லித்தான். கண்ணாடிக்காரரும் அதே கல்லூரியில் படித்தவர். படித்தவர் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இரண்டாம் வருடப் பரீட்சை அவரை அலாக்காகத் தூக்கி வெளியே வைத்துவிட்டது. கல்லூரி அவரைக் கைவிட்டாலும் அவர் கல்லூரியைக் கைவிடவில்லை. அணி ஆடும் ஆட்டம் ஒன்றையும் இதுவரை தவறவிட்டதில்லை.

முந்தின நாள் மாலை பரம எதிரிக் கல்லூரியோடு ஆட்டம். முடிகிற தறுவாயில் நம் பையன் ஓரக்கோட்டை ஒட்டிப் பாய்ந்து பந்தைக் கூடையில் போட்டான். கேலரியே எழுந்து குதித்தது. அதே நேரம் விசில். கால் கோட்டை மிதித்துவிட்டது, புள்ளி செல்லாது என்று நடுவர் கையை ஆட்டினார். தோல்வி.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வாக்கியத்தைச் சொன்னார். "யோவ் ரெஃப்ரி! நாளைக்கு நம்ம கடைக்கு வாய்யா! சும்மாவே கண்ணாடி போட்டு விடறேன்!"

தோற்ற கேலரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிர்க் கல்லூரிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதும் அந்தச் சிரிப்பு அவர் காதில் இருந்தது. இந்தத் தோல்வியால் ஒருவராவது லாபமடைந்தார் என்றால் அது அவர்தான்.

"மில்லிமீட்டர் கணக்குல சொல்றேன், இவ்வளவு இடைவெளி இருந்துச்சு," என்று வாத்தியார் விரலால் காட்டினார்.

"நீங்க ஏன் குறைச்சுச் சொல்றீங்க? அந்தச் சந்துல நான் பஸ்ஸையே திருப்புவேன்," என்றார் டிரைவர்.

இருவரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். எந்தச் சண்டையிலும் கடைசித் தீர்ப்பு அவருடையது. அவர் ஒரு லென்ஸை எடுத்து, ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணை வெச்சுத்தான் எனக்குச் சோறு. நான் சொல்றேன். மிதிக்கல."

"எக்ஸ்பர்ட் சொல்லியாச்சு," என்று டிரைவர் தொடையைத் தட்டினார்.

உள் அறையில் லென்ஸுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "எக்ஸ்பர்ட்டு, நேத்து யாராவது கண்ணாடியை உடைச்சீங்களா?"

"இல்லம்மா. நீ போட்ட சட்டத்தை மீறுவோமா?"

அது அவள் போட்ட சட்டம்தான். ஒருமுறை வெற்றிக் குதிப்பில் டிரைவரின் கண்ணாடி பறந்து, கீழ் வரிசைக்காரர் காலடியில் நொறுங்கிப்போனது. வாத்தியாருடையது அடுத்த ஆட்டத்தில். நட்புக்காக இரண்டையும் புதிதாகச் செய்து கொடுத்தவள், மூன்றாவது தடவை மூவரையும் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டாள், குதிக்கிற நேரம் வந்தால் கண்ணாடி பைக்குள் போக வேண்டும் என்று. அன்றிலிருந்து கடைசி இரண்டு நிமிடம் தொடங்கியதும் கண்ணாடிக்காரர் "கழட்டு!" என்பார். வரிசை மொத்தமும் பயபக்தியோடு கழற்றும்.

அப்போது ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நடு வயது, கசங்காத சட்டை, தூங்காத முகம். "கண்ணு டெஸ்ட் பண்ணணும்," என்றார்.

"உட்காருங்க சார், அஞ்சே நிமிஷம்," என்றார் கண்ணாடிக்காரர். அஞ்சு நிமிஷம் என்பது அந்தக் கடையில் ஒரு மரியாதைச் சொல். வந்தவர் காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவருக்குப் புதுக் காது கிடைத்துவிட்டது.

"நேத்து மேட்சுக்கு வந்திருந்தீங்களா சார்?"

"வந்திருந்தேன்."

"அப்பாடா! நீங்களே சொல்லுங்க, நடுநிலையா. மிதிச்சானா?"

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான் ரொம்பப் பக்கத்துல இருந்தேன். மிதிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது."

"அதான் தப்பு," என்றார் டிரைவர். "பக்கத்துல இருந்தா தெரியாது சார். தள்ளி நின்னு பார்க்கணும். எங்களை மாதிரி."

"நீங்க எந்தப் பக்கத்து ஆளு?" என்று வாத்தியார் சந்தேகமாகக் கேட்டார்.

"ரெண்டு பக்கத்துக்கும் வேண்டாதவன்."

"அந்த ரெஃப்ரி மட்டும் கையில கிடைக்கணும்," என்றார் டிரைவர். "ஆயிரம் பேர் நடுவுல நிறுத்துங்க, இன்னார்தான்னு காட்டிடுவேன். மூஞ்சி அப்படியே மனசுல பதிஞ்சுபோச்சு."

"என்னங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "கண்ணு காட்ட வந்தவரைக் கூண்டுல ஏத்தாம உள்ள கூட்டிட்டு வாங்க."

பரிசோதனை அறையில் அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே படித்தார். பிறகு மறு கண். பொடி எழுத்தில் இருந்த கடைசி வரியையும் படித்துவிட்டு, அதற்கும் அடியில் அச்சகத்தின் பெயரைப் படிக்கத் தொடங்கினார்.

"போதும் சார், போதும். அதை இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல. நான் உள்பட. என்ன வேலை பார்க்கறீங்க?"

"தண்ணீர் வாரியத்துல மீட்டர் ரீடிங். வீடு வீடாப் போவேன். அங்கேயும் இதே பேச்சுதான், உனக்குக் கண்ணு தெரியலைன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "லீவு நாள்ல இன்னொரு வேலை."

சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீங்கதான் சார் வரச் சொன்னீங்க."

கண்ணாடிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேலரியில் அத்தனை பேரைச் சிரிக்க வைத்த நாக்கு அது.

"கோபத்துல வரல," என்றார் நடுவர். "என் பொண்ணு அந்தக் காலேஜ்லதான் படிக்கறா. நேத்து எல்லாரும் சிரிச்சப்ப அவளும் அங்க இருந்தா. வீட்டுக்கு வந்து, 'அப்பா, நிஜமாவே உனக்குச் சரியாத் தெரியலையா'ன்னு கேட்டா. எனக்கு இப்ப என் மேலயே சந்தேகம் வந்துடுச்சு. சனிக்கிழமை மறு ஆட்டத்துக்கும் என்னைத்தான் போட்டிருக்காங்க. கண்ணுல கோளாறுன்னா தயங்காம சொல்லிடுங்க. விசிலை இங்கயே வெச்சுட்டுப் போயிடறேன்."

கண்ணாடிக்காரர் கதவிடுக்கு வழியே வெளியே பார்த்தார். டிரைவர் கையைக் காலாகவும் மேசை விளிம்பைக் கோடாகவும் பாவித்து வாத்தியாருக்கு ஏதோ நிரூபித்துக்கொண்டிருந்தார். 'கொஞ்சம் மங்கல்' என்று ஒரு வார்த்தை போதும். நேற்றைய தோல்வி அநியாயத் தோல்வியாகிவிடும். அதைக் கண்டுபிடித்தவர் என்று இவரைத் தோளில் தூக்கிவைத்துக்கொள்வார்கள். தேவையில்லாதவர்களுக்குக் கூலிங் லென்ஸ் விற்ற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை பெரிய சிரமமில்லை. ஆனால் எதிரே இருந்தவர் பிறர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு ஏதாவது கண்ணுல அடிச்சிருக்கலாம்," என்று நடுவழி தேடினார் கண்ணாடிக்காரர்.

"லைட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க வரிசை வரைக்கும் தெரிஞ்சுது. ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். கடைசி ரெண்டு நிமிஷம் ஆரம்பிச்சதும் எல்லாரும் கண்ணாடியைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டீங்களே, எதுக்கு? நீங்க சட்டைப் பையில. வெளிய இருக்காரே, வாட்டசாட்டமா ஒருத்தர், அவர் சாக்ஸுக்குள்ள. ஏதாவது பிரார்த்தனையா?"



கண்ணாடிக்காரரின் பவர் மைனஸ் நாலு. கண்ணாடி இல்லாமல் குளியலறையில் சோப்பைத் தடவித்தான் எடுப்பார். நேற்று அந்தக் கடைசி நொடியில் என்ன பார்த்தோம் என்று முதல்முறையாக யோசித்தார். மஞ்சளாக ஒரு புகை, அதற்குள் நீலமாக ஒரு புகை. கால் எங்கே, கோடு எங்கே? வாத்தியார் 'மிதிக்கல' என்று கத்தியதால் இவர் கத்தினார். டிரைவர் கத்தியதால் வாத்தியார் கத்தினார். டிரைவர் ஏன் கத்தினார்? இவர் கத்தியதால்தான்.

விசிலை எடுத்து நடுவரின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். தொண்டையைச் செருமினார்.

"இவர் கண்ணுல ஒரு குறையும் இல்ல. என்கிட்ட வந்ததுலயே முதல் தரமான கண்ணு. இவர்தான் நேத்து ரெஃப்ரி."

டிரைவர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? அவர் இன்னும் உசரமா இருந்தாரே!"

"கொஞ்சம் குண்டாவும்," என்றார் வாத்தியார்.

"நேத்து சட்டை வேற சார்," என்றார் நடுவர் பணிவாக.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர். "அந்தக் கால் கோட்டுக்குப் போனப்ப நம்ம கண்ணாடியெல்லாம் பையிலயும் சாக்ஸுலயும் இருந்துச்சு. இவரே பார்த்துட்டுச் சொல்றார். நாம யாருமே ஒண்ணும் பார்க்கல."

 உள்ளே லென்ஸ் தேய்க்கும் மெஷின் நின்றது. வாத்தியாரின் முகத்தில் ஒரு பெரிய உண்மை மெல்ல உதிப்பது தெரிந்தது.

"அப்படின்னா," என்றார் வாத்தியார், "இவர் ஆட்டத்தைப் பார்க்காம நம்மளையில்ல பார்த்துட்டு இருந்திருக்கார்!"

"அப்படிப் போடுங்க!" என்று டிரைவர் துள்ளி எழுந்தார். "சாக்ஸைப் பார்த்த நேரத்துல ஷூவைப் பார்த்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம்!"

நடுவர் சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை பார்க்கலாம் சார்," என்று படியிறங்கிப் போனார். "நீங்க அவர் பக்கம் பேச, எவ்வளவுக்கு ஃப்ரேம் வாங்கினாராம்?" என்று டிரைவர் கண்ணாடிக்காரரைக் கேட்டார். அன்று முழுக்க டிரைவரும் வாத்தியாரும் கண்ணாடிக்காரரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நாற்காலியை விட்டும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை கிளம்பும்போது மனைவி அவர் கண்ணாடியின் இரு காதிலும் ஒரு கயிற்றைக் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். "இனிமே குதிச்சாலும் விழாது. பார்த்துட்டுக் கத்துங்க."

கடைசி இரண்டு நிமிடம் வந்தது. பழக்க தோஷத்தில் வரிசை கழற்றியது. அவர் மட்டும் கழற்றவில்லை. எல்லாம் பயங்கரமான தெளிவோடு தெரிந்தது: பையன்களின் வியர்வை, தரையின் கீறல், ஓரக்கோடு, அதன்மேல் நம் பையனின் ஷூ. விசில் ஒலித்தது. புள்ளி செல்லாது.

"என்ன, மிதிச்சானா?" என்று இரண்டு பக்கமிருந்தும் மங்கலான கண்கள் அவரை நோக்கித் திரும்பின.

"மிதிச்சான்," என்றார்.

டிரைவர் அவரைத் துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்த்தார். கேலரி முழுக்கக் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, போன ஆட்டத்து வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. கீழே கோர்ட் நடுவில் அந்த மனிதர் கையை உயர்த்தியபடி தனியாக நின்றிருந்தார். எதிர்வரிசையில் ஒரு பெண் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பாவின் மூக்கு.

கண்ணாடிக்காரர் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். உலகம் பழையபடி இதமான புகையானது. எழுந்து நின்று மூச்சை இழுத்தார்.

"யோவ் ரெஃப்ரி! உனக்குக் கண்ணாடி வேணாம்யா! எனக்குத்தான் கண்ணு தெரியல!"

கேலரி இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. புகைக்கு நடுவே ஓர் உருவம் தன் சட்டைப் பையைத் தட்டிக்காட்டிச் சிரித்தது போல இருந்தது. அடித்துச் சொல்ல முடியாது. கண்ணாடி பையில் இருந்தது.